27 வருஷம் ஆகிவிட்டது, வார்டன் மேல் இனி புகார் கொடுக்க முடியுமா?

விடுதிப்பையன்:
1998-ல் எனக்கு 11 வயது. அப்பா இறந்த பிறகு வீட்டில் வழியில்லாமல் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ராத்திரியில் வார்டன் எனக்கும் இன்னும் இரண்டு பையன்களுக்கும் செய்ததை இங்கே எழுத முடியவில்லை, அம்மாவிடம்கூட சொன்னதில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அதே ஆள் இன்னும் அங்கேதான், பையன்கள் வரிசையாக நின்று வணக்கம் வைக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் "எல்லாம் மூணு வருஷத்தோட முடிஞ்சுபோச்சு" என்கிறார். அப்படியா?

கோர்ட்டுத்திண்ணை:
பாதிதான் சரி. மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் அந்தக் கெடு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியில் பிரிவு 468, இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் 514). அதற்கு மேல் தண்டனை என்றால் காலவரம்பே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல்தான் அமலுக்கு வந்தது, அதனால் உங்களுக்கு 1998-ல் இருந்த சட்டம்தான். பையன்களுக்கு அப்போது கைகொடுத்தது பழைய தண்டனைச் சட்டமான ஐபிசியின் 377, இயற்கைக்கு மாறான உறவுக்கான பிரிவு: ஆயுள் வரை தண்டனை, கெடு இல்லை. ஐபிசிக்குப் பதில் வந்த புது பிஎன்எஸ்ஸில் அந்தப் பிரிவே இல்லையே என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள், பழைய குற்றத்துக்குப் பழைய சட்டம். ஆனால் தொட்டது, தடவியது மட்டும்தான் என்றால் சிக்கல்: ஐபிசி 354 பெண்களை மானபங்கம் செய்தால் மட்டும்தான், மிச்சம் எல்லாம் அடிதடிக்குப் போடுகிற சின்னப் பிரிவுகள், அவற்றுக்குக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, மன்னிக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். நஷ்டஈட்டு வழக்கு என்றால் 18 முடிந்து மூன்று வருஷம், அதாவது 21 வயதோடு சரி.

மெல்பர்ன்வாசி:
21 வயதில் யார் வாய் திறப்பார்கள்? இங்கே ஆஸ்திரேலியாவில், நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை விசாரித்த ராயல் கமிஷனில் பேசியவர்கள் முதல்முறை யாரிடமாவது சொல்லவே சராசரியாக 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2015 ஜூலை முதல் இந்த மாதிரி நஷ்டஈட்டு வழக்குக்குக் காலவரம்பையே எடுத்துவிட்டார்கள், பழைய சம்பவங்களுக்கும் சேர்த்து.

விடுதிப்பையன்:
தொட்டது மட்டும் இல்லை. ஆனால் என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?

செல்வி_டீச்சர்:
தம்பி, உங்கள் வழக்கு நிற்குமா என்பது அப்புறம். அந்த ஆள் இன்றைக்கும் குழந்தைகளோடு இருக்கிறார், அதுதான் அவசரம். குற்றம் நடக்கலாம் என்ற பயம் இருந்தாலே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோ 19. முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. சாட்சி என்றால் அந்த இரண்டு பையன்கள்தான். தேடிப் பிடியுங்கள், ஆனால் என்ன சொல்வது என்று மூன்று பேரும் பேசிவைத்துக்கொள்ளாதீர்கள், கோர்ட்டில் அதையே திருப்பிவிடுவார்கள். அவரவருக்கு நினைவிருப்பதை அவரவர் தனியாக எழுதட்டும்.

விடுதிப்பையன்:
1098-க்குப் பேசிவிட்டேன், விடுதி முகவரி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரில் ஒருவன் திருப்பூரில் இருக்கிறானாம், நம்பர் கேட்டிருக்கிறேன்.