மறு: ‘ரீபில்ட்’ என்பதற்கு ஒரு சொல் போதாது (பிறைத்தாங்கி, அளவுமீட்பு)

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். தேய்ந்த எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் ‘ரீபில்ட்’ வேலைக்கு நம் கலைச்சொல் அகராதியில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், முன்மடல் ஒன்று இப்படிச் சொன்னது:

> எஞ்சின் ‘ரீபில்ட்’ என்பதற்கு ‘மீள்கட்டமைப்பு’ என்று வைத்துவிடலாம். பேரிங் மாற்றுவதும் அதற்குள் அடங்கும். அதற்கு எதற்குத் தனிச்சொல்?

ஐயா, இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார் 2,80,000 கிலோமீட்டர் ஓடியிருந்த சமயம். எஞ்சின் சூடானதும், வண்டி நிற்கும்போதெல்லாம் ஆயில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. மேடேறினால் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று ஒரு தட்டல். பட்டறையில் காட்டினேன். “எஞ்சின் வேலை செய்துவிடலாம்” என்றார்கள். நான் முழு வேலை என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர்கள் செய்தது, ஆயில் தொட்டியைக் கழற்றிப் பழைய பேரிங்கை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு அந்தப் பேரிங்கில்தான் சுழல்கிறது; அதை யாரும் அளக்கவில்லை. ஆறே வாரத்தில் அதே தட்டல் திரும்பி வந்தது. வேறொருவரிடம் கொடுத்துப் பிரித்தபோது, புதிய பேரிங்கிலேயே செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. தண்டு வட்டமாக இல்லை, நீள்வட்டமாகத் தேய்ந்துபோயிருந்தது. முதல் பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. இரண்டு வேறு வேலைகளுக்கு எங்கள் இருவரிடமும் ‘எஞ்சின் வேலை’ என்ற ஒரே பேர்தான் இருந்தது. அகராதிக்காக உட்கார்ந்திருக்கும் நாமும் அதே தவறைச் செய்ய வேண்டாம்.

முதலில் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். ‘தாங்கி’ நிலைத்துவிட்ட நல்ல சொல், அதில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் தாங்கி என்றதும் படிப்பவர் மனத்தில் வருவது குண்டுகள் உருளும் வளையம். கார் எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்குவதில் பெரும்பாலும் குண்டும் இல்லை, உருளையும் இல்லை. அரைவட்டமாக வளைத்த மெல்லிய தகடு, அவ்வளவுதான். இரண்டு தகடுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். பட்டறையில் இதை ‘மெட்டல்’ என்றும் சொல்வார்கள். பரவலான ஒரு வகையில் முதுகு எஃகு, அதன் மேல் செம்பும் ஈயமும் கலந்த படிவு, அதற்கும் மேலே சாம்பல் நிறத்தில் மென்மையான ஒரு பூச்சு. அந்தப் பூச்சின் தடிமன் ஏறக்குறைய 0.02 மி.மீ.தான். தாங்கிக்கு மென்மையான உலோகக் கலவை என்ற இந்த யோசனை 1839இல் ஐசக் பாபிட் உருவாக்கிய கலவையிலிருந்து வளர்ந்தது. பூச்சு போய்விட்டால் செம்பு தெரியும். நான் பார்த்தது அதைத்தான்.

‘ஓட்டுத்தாங்கி’ என்று முன்மடலில் ஒருவர் எழுதியிருந்தார். வடிவத்துக்குப் பொருத்தமான சொல்தான், கூரை ஓடு அப்படித்தானே வளைந்திருக்கும். ஆனால் ‘ஓட்டு’ என்றதும் வண்டி ஓட்டுவதும் வாக்குப் போடுவதும் குறுக்கே வந்து நிற்கின்றன. நான் முன்வைப்பது ‘பிறைத்தாங்கி’. பார்வைக்குப் பிறை போல இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தத் தகடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. நடுவில் சற்றுத் தடித்து, இரு முனைகளை நோக்கி மெலியும்படிதான் பொதுவாகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம், ஆனால் வேண்டுமென்றே வைத்தது. நிலாப்பிறையும் அப்படித்தான் இருக்கிறது. இவ்வளவு பொருந்திவரும் சொல் நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

> பிறைத்தாங்கி தேய்ந்தால் மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே? எப்போது அது போதாது?

அம்மா, சொல்லைத் தீர்மானிக்கும் கேள்வியே இதுதான். எஞ்சின் ஓடும்போது தண்டு தாங்கியைத் தொடுவதில்லை. நடுவே எண்ணெய்ப் படலம், அதன் மேல் தண்டு மிதக்கிறது. அந்தப் படலத்துக்கு ஓர் இடைவெளி வேண்டும். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைக் கணக்கு. 50 மி.மீ. விட்டமென்றால் 0.05 மி.மீ. சரியான எண் அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். இடைவெளி கூடினால் எண்ணெய் ஒழுகிவிடும், அழுத்தம் விழும், தட்டல் கேட்கும்.

இரண்டாவது மெக்கானிக் அந்த இடைவெளியை அளந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நூல் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையில் ஒரு துண்டு வெட்டித் தண்டின் மேல் வைத்தார். தாங்கியின் மூடியைப் போட்டு, கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு (டார்க்) இறுக்கினார். தண்டைத் துளியும் திருப்பாமல் மறுபடி கழற்றினார். இழை நசுங்கிப் பட்டையாகியிருந்தது. அதன் அகலத்தை உறையில் அச்சிட்டிருந்த அளவுகோலோடு வைத்துப் பார்த்தார். பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு, ஒடுக்கமாக இருந்தால் கூடுதல். எங்கள் இழை சரியாக நசுங்கவே இல்லை. அப்புறம் மைக்ரோமீட்டரால் தண்டின் விட்டத்தை ஒரே இடத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து காட்டினார். இரண்டும் ஒரே எண்ணாக வரவில்லை. அந்த நிமிடத்தில் ‘பிறை மாற்றினால் போதும்’ என்ற பேச்சு முடிந்துபோனது.

ஆக, தண்டு வட்டமாக இருந்து, நகத்தால் வருடினால் எந்தக் கீறலும் தட்டுப்படாமல், மேலே பிஸ்டன் பக்கமும் நலமாக இருந்தால் பிறையை மட்டும் மாற்றலாம். அது நியாயமான வேலைதான், குறுக்குவழி என்று யாரும் ஒதுக்கத் தேவையில்லை. பிஸ்டன் பக்கம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் விட்டதும் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். நீலப்புகையும் எண்ணெய்க் குறைவும் சேர்ந்துகொண்டால் பிறை மாற்றி மட்டும் பயனில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிறைகளும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் அழிந்திருந்தால், அந்த இடத்துக்கு எண்ணெய் போகவில்லை, அல்லது பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் ராடு கோணியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பிறை வைப்பது அதையும் பலிகொடுப்பதுதான். உலோகத்துகள் எண்ணெய் வழிகளில் தங்கிவிட்டாலும் அதே கதி.

இப்போது ‘ரீபில்ட்’. ‘மீள்கட்டமைப்பு’ எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், அது என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. எஞ்சினை யாரும் கட்டுவதில்லை. தேய்ந்த ஒவ்வொரு பரப்பையும் அளந்து, கடைந்து, உரிய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதனால் ‘அளவுமீட்பு’ என்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும், நானே சில நாள் அதோடு போராடினேன். தண்டைக் கடைந்தால் அது 0.25 மி.மீ. குறைகிறது. சிலிண்டரை உட்புறம் கடைந்தால் (‘போர்’ செய்தால்) அது பெரிதாகிறது. பழைய அளவு எங்கே மீண்டது? சரியான கேள்வி. ஆனால் மீட்கப்படுவது இரும்பின் அளவு அல்ல, நடுவிலுள்ள இடைவெளியின் அளவு. தண்டு குறைந்த அளவுக்கு ஈடாகத் தடித்த பிறை வருகிறது. சிலிண்டர் பெருத்ததற்கு ஏற்பப் பெரிய பிஸ்டன் வருகிறது. இடைவெளி புதிய எஞ்சினில் இருந்த அதே எண்ணுக்குத் திரும்புகிறது. ‘அளவு’ என்ற சொல் இதையும் தாங்கும் என்றே நம்புகிறேன்.

பிறையை மட்டும் மாற்றுவதற்கும் அளவுமீட்புக்கும் நடுவே ஒரு வேலை உண்டு. எஞ்சினை இறக்கிப் பிரித்து, ரிங், பிறை, கேஸ்கெட் எல்லாம் மாற்றி, எதையும் கடையாமல் திரும்ப மாட்டுவது. இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். ‘பிரித்துப்பூட்டல்’ என்று வைத்தால் கேட்டவுடன் விளங்கும்.

எனவே என் முன்மொழிவு: பிறைமாற்று, பிரித்துப்பூட்டல், அளவுமீட்பு. மூன்றும் மூன்று தனிப் பதிவுகளாக இருக்கட்டும், ஒன்றின் கீழ் ஒன்றை அடக்க வேண்டாம். பட்டறைக்குப் போகிறவர் “இதில் எது?” என்று கேட்கும்படி இருக்க வேண்டும்.

கிராங்க் தண்டுக்கு ‘வணரித்தண்டு’ என்பதை ஆதரிக்கிறேன். யாழின் வளைந்த தண்டைப் பழைய பாட்டுகள் ‘வணர்’ என்ற சொல்லால்தான் சொல்கின்றன. அந்தத் தண்டில் பிறை பிடிக்கும் வழவழப்பான பகுதிக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘கழுத்து’ என்று எழுதிப் பார்த்தேன், ஒரே தண்டில் ஐந்து கழுத்து, ஒன்பது கழுத்து என்று வரும்போது உறுத்துகிறது. ‘அமர்வு’, ‘சுழலிடம்’ இரண்டில் எது சரியாகப் படுகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்