நம் பேட்டைப் பிரச்சினையை நாடாளுமன்றக் கேள்வியாக எழுதுவது எப்படி?

பேட்டைவாசி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் புதிய பேட்டை ஒன்றின் குடியிருப்பாளர் குழுவுக்காகக் கேட்கிறேன். எங்களிடம் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. காலையில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்துகள் போதவில்லை. நிலையத்துக்குப் போகிற நடைபாதையின் கூரை பாதி வழியில் நின்றுவிடுகிறது. பக்கத்துப் பழைய புளோக்குகளில் மின்தூக்கி அடிக்கடிப் பழுதாகிறது. “கேள்வியாக எழுதிக் கொடுங்கள், தாக்கல் செய்கிறேன்” என்று நாடாளுமன்ற உறுப்பினர் சொல்லியிருக்கிறார்.

பழைய பதில்களைப் படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் “தொடர்ந்து கண்காணிப்போம்” என்றுதான் முடிகின்றன. அப்படிப்பட்ட பதில் வராமல் இருக்கக் கேள்வியை எப்படி எழுத வேண்டும்? வாய்மொழிப் பதில் கேட்பது நல்லதா, எழுத்துப் பதிலா? வரவுசெலவுத் திட்டத்தின்போது உறுப்பினர்கள் “100 வெள்ளி குறைக்க வேண்டும்” என்கிறார்களே, அது என்ன? எங்கள் நகருக்கு எவ்வளவு செலவானது என்பதை எங்கே பார்ப்பது?

கேள்விநேரம் எழுதியது:

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை.

ஒரு உறுப்பினர் ஓர் அமர்வுக்கு 5 கேள்விகள் வரை கொடுக்கலாம். அவற்றில் 3 மட்டுமே வாய்மொழிப் பதிலுக்கு. அமர்வுக்கு முன்னால் 7 முழு நாட்கள் இருக்கும்படி முன்னறிவிப்பு தர வேண்டும். ‘முழு நாள்’ என்றால் கொடுத்த நாளும் அமர்வு நாளும் கணக்கில் சேராது. பலர் தவறுவது இங்கேதான். திங்கட்கிழமை அமர்வென்றால் முந்தைய திங்கட்கிழமை கொடுப்பது தாமதம். மிக அவசரமான பொது விஷயமாக இருந்தால் நாடாளுமன்ற நாயகரின் (அவைத் தலைவரின்) அனுமதியோடு அதற்குப் பிறகும் கொடுக்கலாம். பேருந்து நெரிசல் அந்த வகையில் வராது.

கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். வந்து குவியும் கேள்விகளோ அதற்குள் அடங்காதவை. பட்டியலில் 50ஆவது இடத்தில் இருக்கும் வாய்மொழிக் கேள்விக்கு அன்று முறை வராமல் போக வாய்ப்பு அதிகம். முறை வராவிட்டால் எழுத்துப் பதிலாக வரும், அல்லது உறுப்பினர் அதை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கலாம். நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரப்பூர்வப் பதிவான ஹன்சார்டில் இப்படி வந்த பதில்கள் தனித் தலைப்பின்கீழ் இருக்கும். தேடும்போது அதையும் பாருங்கள். வாய்மொழிப் பதில்களை மட்டும் தேடிவிட்டு “பதிலே இல்லை” என்று முடிவுகட்டுவோர் நிறைய.

இன்னொன்று: ஒரே பொருளில் நான்கைந்து பேர் கேட்டிருந்தால் அமைச்சர் நாயகரின் அனுமதியோடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்வார். பின்னால் இருக்கும் கேள்விக்கு அப்போது முன்னதாகவே பதில் வந்துவிடும். வேறு நகரத்து உறுப்பினர்களும் பேருந்து பற்றிக் கேட்கப்போகிறார்களா என்று விசாரித்து, அதே அமர்வுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எழுத்தா, வாய்மொழியா? எனக்கு இதில் ஐயமே இல்லை. எண்கள் வேண்டுமென்றால் எழுத்து, கொள்கையை அசைத்துப் பார்க்க வேண்டுமென்றால் வாய்மொழி. எழுத்துப் பதிலில் அட்டவணையே இணைத்துத் தருவார்கள். வாய்மொழியில் கிடைக்கும் ஆதாயம் துணைக்கேள்வி. ஆனால் அது சொன்ன பதிலிலிருந்து எழ வேண்டும், பேச்சாக நீளக் கூடாது. முதல் அமர்வில் எழுத்தில் எண்களைப் பெற்று, அடுத்த அமர்வில் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கேட்பதுதான் சரியான வரிசை.

நாடாளுமன்ற நடைமுறை விதிகளான நிலையாணைகள் தடுக்கும் சில வகைகளும் உண்டு. வாதம், கருத்து, கிண்டல் அடங்கிய கேள்வி. “இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்” என்ற அனுமானம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம். பத்திரிகையில் வந்தது உண்மையா என்பது. பொதுவில் எளிதாகக் கிடைக்கும் ஆவணத்தில் ஏற்கெனவே உள்ள தகவல். கடைசியில் சொன்னதை மறந்துவிட வேண்டாம். இணையத்தில் இருப்பதைக் கேட்டு ஒரு கேள்வியை வீணாக்காதீர்கள்.

உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராகவோ துணை அமைச்சராகவோ இருந்தால் அவர் கேள்வி தாக்கல் செய்வதில்லை. பல உறுப்பினர்கள் சேர்ந்து பிரதிநிதிக்கும் குழுத்தொகுதியாக இருந்தால், பதவி வகிக்காத சக உறுப்பினரிடம் கொடுங்கள். தொகுதியில்லா உறுப்பினரும் நியமன உறுப்பினரும்கூட எந்த நகரைப் பற்றியும் கேட்கலாம்.

மூன்றாம்மாடி எழுதியது:

கேள்விநேரம் முறையைச் சொல்லிவிட்டார். நான் யாரிடம் கேட்பது என்பதைச் சொல்கிறேன். உங்கள் மூன்று விஷயங்களும் மூன்று வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. மாற்றிக் கேட்டால் “இது எங்கள் பொறுப்பல்ல” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

பேருந்து போக்குவரத்து அமைச்சிடம். 2016 முதல் ஒப்பந்த முறை நடப்பில் இருப்பதால் எந்தச் சேவை, எத்தனை நிமிட இடைவெளி என்பதை நிலப் போக்குவரத்து ஆணையமே திட்டமிடுகிறது. கட்டண வருவாய் அரசாங்கத்துக்குப் போகிறது, நடத்தும் நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம் தரப்படுகிறது. ஆகவே நிறுவனத்தைக் குறைசொல்லும் கேள்வியைவிட, ஆணையத்தின் திட்டமிடலைப் பற்றிய கேள்விக்கே பலன் உண்டு. புதிய பேட்டைகளையும் மனத்தில் வைத்து 2024 ஜூலையில் ஒரு பேருந்து இணைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 8 ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை. அதில் உங்கள் பேட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்க முழு உரிமை உண்டு.

கூரைதான் இருப்பதிலேயே சிக்கலானது. அது பாதியில் நிற்கக் காரணம் பெரும்பாலும் எல்லைக்கோடு. புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிலத்தில் வரும் கூரை நகர மன்றத்தின் பராமரிப்பு. சாலையோர நிலத்தில் வருவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வேலை. இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் யாருக்கும் இல்லாமல் விடுபட்டுவிடும். ஆணையம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் பள்ளி, மருத்துவ வசதி போன்ற இடங்களை இணைக்கக் கூரை போட்டது. அந்தச் சுற்றளவுக்குள் விடுபட்டிருந்தால் போக்குவரத்து அமைச்சரைக் கேளுங்கள். நகர மன்றப் பக்கம் விடுபட்டிருந்தால், தேசிய வளர்ச்சி அமைச்சு பணம் தரும் சமூக மேம்பாட்டுத் திட்டங்கள் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றக் கேள்வியே தேவையில்லை. கேள்வி எழுதுவதற்கு முன்னால் கூரை நிற்கும் இடத்தில் நின்று, தரையில் ஓடுகல் மாறுகிறதா, மழைநீர்க் கால்வாய் மூடி எந்த வகை என்று பாருங்கள். நிலம் கைமாறும் இடம் பல வேளைகளில் தரையிலேயே தெரியும். படம் எடுத்து உறுப்பினரிடம் கொடுங்கள்.

மின்தூக்கி நகர மன்றத்தின் பொறுப்பு. பாதுகாப்பு விதிகளும் இயக்க அனுமதியும் மட்டும் கட்டட, கட்டுமான ஆணையத்திடம். நகர மன்றங்கள் பராமரிப்புக் கட்டணத்திலும் அரசாங்க மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதிக்கும் 26 விழுக்காட்டைச் சேமநிதிக்கும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு நகர மன்றமும் மின்தூக்கிப் பராமரிப்பில் பச்சையா, அம்பரா, சிவப்பா என்பது தேசிய வளர்ச்சி அமைச்சின் மதிப்பீட்டு அறிக்கையில் வந்துவிடுகிறது. அதை அமைச்சரிடம் கேட்க வேண்டாம், நகர மன்றத்திடம் நேரடியாகப் போங்கள்.

எல்லாவற்றையும் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்பதற்கு 167ஆம் எண் பேருந்தே சாட்சி. 2023 நவம்பரில் அதை டிசம்பர் 10ஆம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். பயணிகள் கருத்துச் சொன்ன பிறகு 30 நிமிட இடைவெளியில் தொடர்ந்து ஓட விட்டார்கள். தேதி நெருங்கும் விஷயத்துக்கு 7 நாள் முன்னறிவிப்பு உதவாது.

தலைப்பு டி எழுதியது:

100 வெள்ளி விவகாரம்.

பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்ட உரை, பிறகு பொது விவாதம். அதன் பிறகு மன்றம் முழுவதும் ஒரே குழுவாக மாறி அமைச்சு அமைச்சாக ஒதுக்கீட்டை ஆராயும். எல்லாரும் சிஓஎஸ் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டுத் தலைப்புக்கும் ஓர் எழுத்து: தேசிய வளர்ச்சி ‘டி’ (T), போக்குவரத்து ‘டபிள்யூ’, சுகாதாரம் ‘ஓ’, கல்வி ‘கே’. உறுப்பினர் “தலைப்பு டபிள்யூவின் மொத்தத் தொகையில் 100 வெள்ளி குறைக்கப்பட வேண்டும்” என்று திருத்தம் கொண்டுவருவார். அமைச்சர் பதில் சொல்வார். முடிவில் மன்றத்தின் அனுமதியோடு திருத்தம் மீட்டுக்கொள்ளப்படும். ஒரு வெள்ளிகூடக் குறையாது.

ஏன் கூட்டச் சொல்லாமல் குறைக்கச் சொல்கிறார்கள்? அரசமைப்புச் சட்டத்தின் 59ஆவது பிரிவுப்படி செலவைக் கூட்டும் திருத்தத்தை அதிபரின் பரிந்துரையோடு அமைச்சரே கொண்டுவர முடியும். சாதாரண உறுப்பினருக்குக் குறைக்கும் வழி மட்டுமே திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியே நுழைந்துதான் “எங்கள் பேட்டைக்குப் போதவில்லை” என்று பேசுகிறார்கள்.

உங்களுக்கு உதவும் செய்தி இது: திருத்தத்துக்கு, எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று ஒரு தலைப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அமைச்சின் அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் பதிலைத் தயார்செய்கிறார்கள். “பொதுப் போக்குவரத்து” என்று அகலமாகக் கொடுத்தால் பதிலும் அகலமாகவே வரும். “புதிய பேட்டைகளில் எம்ஆர்டி வரும்வரை பேருந்து வசதி” என்று கொடுத்தால் அதற்கென்றே நாலு வரி எழுதியாக வேண்டும். தெங்கா போன்ற இடங்களுக்கு இந்த ‘வரும்வரை’ என்ற சொல்தான் முக்கியம். அங்கே வரும் எம்ஆர்டி பாதையான ஜூரோங் வட்டாரப் பாதை கட்டங்கட்டமாகத்தான் திறக்கப்படுகிறது. குடியேறியவர்களோ இப்போதே அங்கே இருக்கிறார்கள்.

நகர்வாரியான செலவைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நிதியமைச்சு வெளியிடும் செலவு மதிப்பீட்டுப் புத்தகம் அமைச்சு, திட்டம் என்று பிரிக்கிறது, ஊர் ஊராகப் பிரிப்பதில்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல பகுதி உண்டு. மேம்பாட்டுச் செலவு அட்டவணையில் பெரிய திட்டம் ஒவ்வொன்றுக்கும் மொத்த மதிப்பு, இதுவரை செலவானது, இந்த ஆண்டு மதிப்பீடு எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். மொத்தம் பெரிதாக இருந்து ஆண்டுச் செலவு ஏறாமலே இருந்தால் வேலை தள்ளிப்போகிறது என்று பொருள். அந்த வரிசையைச் சுட்டிக் கேட்டால் மழுப்ப முடியாது. சின்ன வேலைகள் ‘சிறு மேம்பாட்டுத் திட்டங்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். உங்கள் கூரை அதற்குள்ளே இருந்தால் கண்டுபிடிக்க முடியாது, எழுத்துக் கேள்வியில்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மின்தூக்கியை நகர மன்றத்திடம் கொண்டுபோகிறோம். கூரையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம். பேருந்துக்கு இப்படி எழுதியிருக்கிறோம்: “எங்கள் பேட்டையில் பேருந்துச் சேவை மிகவும் மோசமாக இருப்பதை அமைச்சர் அறிவாரா, காலையில் கூடுதல் பேருந்துகள் விடுவது பற்றிப் பரிசீலிப்பாரா?” சரியா?

கேள்விநேரம் எழுதியது:

மன்னிக்கவும், இதைக் கொடுக்க வேண்டாம். “மிகவும் மோசம்” என்பது கருத்து, எடுத்துவிடுவார்கள். “பரிசீலிப்பாரா” என்றால் “பரிசீலிப்போம்” என்று ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். நீங்கள் தவிர்க்க நினைத்த பதிலை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

எத்தனை பேருந்து ஓடுகிறது என்றும் கேட்காதீர்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்று அட்டவணை. எல்லாம் ஒழுங்காக வந்தால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்போம். இரண்டு பேருந்துகள் ஒட்டிக்கொண்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியாக வந்தால் சராசரி 10 நிமிடமாகிவிடும். இரண்டு நிலையிலும் மணிக்கு 6 பேருந்துதான். எண்ணிக்கையைக் கேட்டால் “திட்டப்படி ஓடுகின்றன” என்பார்கள், அதுவும் உண்மைதான். கேட்க வேண்டியது அந்த உபரி 5 நிமிடத்தை. ‘கூடுதல் காத்திருப்பு நேரம்’ என்ற பெயரில் ஆணையம் அதை அளக்கிறது, நிறுவனங்களின் ஊக்கத்தொகையும் அபராதமும் அதை ஒட்டியே அமைகின்றன. கையில் இருக்கும் எண், ஆகையால் தர முடியாது என்று சொல்வது எளிதல்ல.

இப்படி மாற்றுங்கள்:

“போக்குவரத்து அமைச்சரிடம்: (அ) கடந்த 6 மாதங்களில் வார நாட்களில் காலை 6.30 முதல் 8.30 வரை இப்பேட்டையிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு சேவையின் திட்டமிட்ட இடைவெளியும் சராசரிக் கூடுதல் காத்திருப்பு நேரமும் எவ்வளவு. (ஆ) ஒரு சேவைக்குப் பேருந்துகளைக் கூட்ட எந்த அளவு நெரிசல் வரம்பாகக் கொள்ளப்படுகிறது. (இ) அடுத்த 12 மாதங்களில் குடியேறவுள்ளோரைக் கணக்கில் கொண்டு அடுத்த மறுஆய்வு எந்த மாதத்தில் நடைபெறும்?”

எழுத்துப் பதிலுக்குக் கொடுங்கள். மூன்றில் (ஆ)தான் மிகப் பெறுமதியானது. உங்கள் பேட்டைக்கென்று அமைச்சர் வாக்குக் கொடுக்கமாட்டார், மற்ற பேட்டைகளும் வரிசையில் நிற்கின்றன. வரம்பு இதுதான் என்று ஹன்சார்டில் ஒருமுறை பதிவாகிவிட்டால், அதைத் தாண்டும் நாளெல்லாம் நீங்கள் எண்ணிக் காட்டலாம். பதில் வருவதற்குள் இரண்டு வாரம் காலையில் நிறுத்தத்தில் நின்று வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள்: சேவை எண், நிமிடம், ஏற முடியாமல் நின்றவர்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். எழுத்துப் பதில் வந்த பிறகும் ஆறவில்லை என்றால் ஒத்திவைப்புத் தீர்மானம் இருக்கிறது. அமர்வின் முடிவில் உறுப்பினருக்கு 20 நிமிடம், அமைச்சருக்கு 10 நிமிடம். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்டால் குலுக்கல். ஒரு பேட்டைக்காக மட்டும் கேட்பதைவிட, மூன்று நான்கு புதிய பேட்டைகளின் எண்களைச் சேர்த்துக் கொண்டுபோனால் உறுப்பினர் மனமுவந்து எடுப்பார்.

தமிழில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. ஹன்சார்டில் தேடும்போது தமிழ்ப் பேச்சின் மூலம் தனிக் கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும், பக்கத்தில் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு. மூலத்தையும் திறந்து படியுங்கள்.

பேட்டைவாசி எழுதியது:

கேள்வியை மாற்றி அனுப்பிவிட்டோம். திங்கள் முதல் வெள்ளிவரை நிறுத்தத்தில் நிற்க ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 6.30க்கு முன்னாலேயே தொடங்குகிறோம்.