கிளிநொச்சிப் பெடியளுக்குத் தொழில் முதலா, வேலைப் பயிற்சியா?

வன்னிமகன்:
எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை கிளிநொச்சியில் 20 பேருக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தொழில் முதல் கொடுக்கப் போகிறது. நான் எதிர்க்கிறேன். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களுக்குத் தையல் மெஷின், கோழிக்கூடு, ஆடு என்று எத்தனை திட்டம் வந்தது! ஒரே ஒழுங்கையில் ஏழு வீட்டுக்கு மெஷின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? என் அக்காவின் மெஷின் இன்றும் சீலை மூடியபடி கிடக்கிறது. அந்தக் காசை கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் படிக்கிற பிள்ளைகளின் தங்குமிடத்துக்கும் பஸ்ஸுக்கும் கொடுங்கள். வாகனத் திருத்தம் படித்தவனுக்குக் கொழும்பிலும் வேலை, கட்டாரிலும் வேலை.

பூநகரிக்காரி:
அண்ணை, அந்தக் கடைசி வரிதான் எனக்கு நோகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பக்கம் பாஸ்போர்ட் எடுக்காத பெடியளைக் காண்பதே அரிது. மிச்சப் பேரையும் படிப்பித்து அனுப்பவா? மழையை நம்பி விதைக்கிற எங்கள் மொட்டைக்கறுப்பன் நெல், வெட்டின கையோடு வியாபாரியின் லொறியில் ஏறுகிறது. கடன்காரன் நிற்கிறான், விலை ஏறும்வரை வைத்திருக்க வழியில்லை. அதையே இங்கே குற்றிப் பொதி செய்தால் நாலு பேருக்கு ஊரிலேயே வேலை.

வன்னிமகன்:
மில் 3 லட்சத்தில் நிற்காது தங்கச்சி. மிச்சத்துக்குக் கடன்தான். சின்னக் கடன் கொடுக்கிற நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றதை மறந்துவிட்டோமா? 2018இல் 12 மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

பழைய பாங்குக்காரன்:
சனம் ஏன் நுண்கடனுக்குப் போனது? பாங்க் இரண்டு அரச உத்தியோகத்தரைப் பிணைக்குக் கேட்கும். முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்? காணியை ஈடு வைக்கலாமென்றால், அது உறுதி இல்லாத, அரசாங்க அனுமதிப் பத்திரத்தில் இருக்கிற பெர்மிட் காணி. கடன் மேசையில் இருந்த காலத்தில் நல்ல திட்டங்களைப் பிணை இல்லையென்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு வந்த ஒரு பெடியன், மீன்வாடிக்காரர் ஐந்து பேரின் ஓடரை எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவனையும் அனுப்பினேன். அது இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது. சங்கம் காசைக் கையில் கொடுக்க வேண்டாம். 60 லட்சத்தையும் பாங்கில் வைப்பிலிட்டுப் பிணையாக நிற்கட்டும்.

பூநகரிக்காரி:
இது சரி. ஆனால் பிணை பெடியளுக்கு மட்டும் என்று ஆகக்கூடாது. கார்மென்ட்ஸ் பஸ்ஸுக்கு விடிய முன்னமே ரோட்டில் நிற்கிற பெட்டையளுக்கும் சொந்தத் தொழில் ஆசை இருக்கிறது.

வன்னிமகன்:
பிணை என்றால் யோசிக்கலாம். அந்த ஐஸ் பெடியனைப்போல, வாங்குகிறவர் யார் என்று முதலில் எழுத்தில் காட்டட்டும். ஞாயிறு கூட்டத்தில் இரண்டையும் வைக்கிறேன். என் கை இன்னும் பஸ் காசுக்குத்தான் உயரும்.