ஒரே வீட்டில் மரு: துண்டு, ரேசர், குழந்தை... உங்கள் அனுபவம் என்ன?

மழைக்குருவி:
என் கணவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வெளியே வருவார், மகள் ஓடிப்போய் அந்தத் துண்டின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். மூன்று வயது, தினமும் இதுதான் விளையாட்டு. டாக்டர் அவருக்குப் பிறப்புறுப்பில் மரு என்று சொன்ன மறுநாள் காலையும் அதே மாதிரி ஓடினாள். அவர் துண்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். குழந்தை அழவில்லை. அப்படியே உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டாள் போல. அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் தனி வாளி, தனித் தட்டு, கூடத்தில் படுக்கை. ஒரு மாதத்துக்கு மேல் அவளைத் தூக்கவே இல்லை. அடுத்த முறை போனபோது நான்தான் கேட்டேன், குழந்தையைத் தூக்கலாமா என்று. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத்தனை நாளும் தூக்காமலா இருந்தீர்கள்?" என்றார். தோலோடு தோல் உரசி, பெரும்பாலும் உடலுறவில்தான் பரவும், அணைப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது, துண்டும் உள்ளாடையும் மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும், மருந்து போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், அவ்வளவுதான் என்றார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

தெற்குக்காற்று:
எனக்கு ரேசர். இரண்டு சின்னக் கட்டி இருந்தது, வழித்ததால் வந்தது என்று நினைத்து அதன் மேலேயே வாரா வாரம் வழித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் ரேசர் போன வழியிலேயே கோடு போட்ட மாதிரி வரிசையாக வந்துவிட்டது. பிளேடு தோலைக் கீறக் கீற நம் கிருமியை நாமே பக்கத்து இடத்தில் விதைக்கிறோம், மரு இருக்கும்வரை அங்கே வழிக்கக் கூடாது என்று தோல் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

உறுத்துவது அது இல்லை. அவசரத்துக்கு என் தம்பியும் அதே ரேசரை எடுப்பான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் சொல்லவில்லை, வெட்கம். நான்காம் நாள் சொன்னேன். அவன் ஒன்றுமே கேட்கவில்லை, ரேசரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மாலையில் வேறு வேறு நிறத்தில் இரண்டு வாங்கி வந்தான். அவனுக்கு இதுவரை எதுவும் வரவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

படித்துறை:
மழைக்குருவி, உங்கள் டாக்டர் சொன்னது சரி, ஆனால் படிப்பவர்கள் இதை "வீட்டில் எந்தக் கவனமும் வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மருவை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கு மேலே கொழுப்புறை கிடையாது, அதனால் காய்ந்த இடத்திலும் சில காலம் தாங்கும், அதைக் கொல்ல ஆல்கஹால் திரவத்தை நம்ப முடியாது. கழிப்பறை இருக்கையால் வரும் என்று சொல்லவில்லை, அப்படிப் பரவுவதாக உறுதியான சான்று இல்லை. என்னோடு அறையில் இருந்தவர் எனக்கு மரு என்று தெரிந்ததும் நான் போய்வந்த ஒவ்வொரு முறையும் இருக்கையில் கிருமிநாசினி ஊற்றினார், அந்த வாசனை வந்தாலே எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கையில் வரும் மருவுக்குக் கடையில் விற்கும் ஆசிட் மருந்தைத் தயவுசெய்து அங்கே போடாதீர்கள், புண்ணாகிவிடும். இமிக்விமாட் களிம்பு எழுதிக் கொடுத்தால் வாரத்தில் மூன்று இரவு தடவி, 6 முதல் 10 மணி நேரத்தில் கழுவ வேண்டும், அது ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும். மரு போகும்வரை உறவைத் தள்ளிப்போடுவது நல்லது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் அது மூடாத தோலில் கிருமி இருக்கலாம். மரு உதிர்ந்த முதல் மூன்று மாதத்தில் திரும்ப வருவது சகஜம், மனம் உடைய வேண்டாம். இந்த மருக்களில் சுமார் 90 சதவீதம் எச்பிவியின் 6, 11 வகைகளால் வருபவை, புற்றுநோய் உண்டாக்கும் 16, 18 வேறு. ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம், பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விடக் கூடாது. பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்தே எச்பிவி தடுப்பூசி போடலாம், ஆண் பிள்ளைகளுக்கும்தான். வந்த மருவை அது குணப்படுத்தாது.

அந்திமல்லி:
படித்துறை, நீங்கள் சொன்னதில் தப்பில்லை, ஆனால் இங்கே யாரும் மருந்து கேட்கவில்லையே. எங்கள் வீட்டில் பரவியது கிருமி இல்லை, சந்தேகம்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். எனக்கு மரு என்று தெரிந்த இரவு அவர் காலண்டரைக் கழற்றி மேஜையில் விரித்து, விரலால் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார். நான் எதிரில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். கிருமி நுழைந்து மூன்று வாரத்திலும் வரலாம், எட்டு மாதம் கழித்தும் வரலாம், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்தும் வரலாம், யாரிடமிருந்து யாருக்கு என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது என்று டாக்டர் அவரிடமே விளக்கினார். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். கர்ப்பத்தில் போடோஃபிலோடாக்சின் என்ற மரு மருந்து கூடாது என்பதால் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுத்தார்கள். பிரசவத்தில் கிருமி தொற்றிக் குழந்தைக்குத் தொண்டையில் மரு வருவது மிக அரிது, மரு வழியை அடைக்காதவரை அதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். சுகப்பிரசவம்தான். குழந்தை நன்றாக இருக்கிறான். காலண்டரைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

படித்துறை:
மன்னிக்கவும் அந்திமல்லி. என் பங்குக்கு நீளமாகப் பேசிவிட்டேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லாமல் போனதால் வந்த வேகம்.

மழைக்குருவி:
அந்திமல்லி, உங்கள் காலண்டரைப் படித்த பிறகு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. தெற்குக்காற்று, நான்காம் நாளாவது சொன்னீர்களே.

அவருக்கு இப்போது சரியாகிவிட்டது, மகளைத் தோளை விட்டு இறக்குவதே இல்லை. அவளுக்கென்று மஞ்சள் துண்டு ஒன்று வாங்கி அவளுக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறார். அவளுடைய துண்டுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கையை நீட்டிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து, "தொடலாமா?" என்று கேட்கிறாள்.