மழை பிடித்து வேலை பாதியில் நின்றால் தினக்கூலி எப்படிக் கணக்குப் போடுவது?

ஊரப்பாக்கம் பில்டர்

வணக்கம். ஊரப்பாக்கத்தில் தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி என்று ஒரு வீடு போய்க்கொண்டிருக்கிறது. முதல் தளம் போட்டாச்சு, இப்போது மேலே செங்கல் வேலை. ஆட்கள் 14 பேர். கொத்தனார், பெரியாள், சித்தாள் எல்லாம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம். கம்பி கட்டுகிற நாலு பேர் ஒடிசா, சைட்டிலேயே கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 850, சித்தாளுக்கு 700. சனிக்கிழமை சாயந்திரம் கூலி. சூப்பர்வைசருக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும் மாதச் சம்பளம்.

போன வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எல்லோரும் வந்து, கலவை போட்டு, ரெண்டு வரிசை கட்டியிருப்பார்கள். பதினொரு மணிக்குப் பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. தட்டில் இருந்த கலவை கரைந்து பால் மாதிரி ஓடிவிட்டது. அன்றைக்கு அரை நாள் போட்டேன். சனிக்கிழமை பெரிய கொத்தனார் நோட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். "வந்த நாள் எங்களுக்குப் போன நாள்தானே சார்" என்கிறார். வீட்டுக்காரரோ, நடந்த வேலைக்குத்தான் பணம் என்கிறார். நடுவில் நான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாதியில் நின்ற நாளுக்கு அரைக்கூலி சரியா? முந்தின நாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஏதாவது கொடுக்க வேண்டுமா? போன நேரத்தை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையோ, ராத்திரி ஏழு மணி வரையோ சாதாக் கூலிக்கே வேலை வாங்கலாமா? டிசம்பர் முடிகிற வரை இதே கதைதான் என்பதால் கேட்கிறேன்.

சம்பளப் பட்டியல்

ஒப்பந்தக்காரர்களுக்குச் சம்பளக் கணக்கு, பதிவேடு பார்ப்பது என் தொழில். அரைக்கூலி சரியில்லை. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிற வேலையில் ஒருவர் வந்து வேலை செய்து, முழு நேரம் செய்ய முடியாமல் போனால், முழு நாள் வேலை செய்ததாகவே வைத்துக் கூலி கொடுக்க வேண்டும். 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இது 15ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் 10ஆம் பிரிவு. கட்டட வேலையும் அப்படிக் கூலி நிர்ணயித்திருக்கிற தொழில்தான்.

முக்கியமான விலக்கு ஒன்று: வேலை இருந்தும் அவருக்கே செய்ய விருப்பமில்லாமல் போனால் முழுக்கூலி கிடையாது. மழை அதில் வராது. அவர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார், உங்களால் வேலை கொடுக்க முடியவில்லை. அதனால் உங்கள் பெரிய கொத்தனார் கேட்டது நியாயம்.

சின்ன காண்ட்ராக்டர்

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் அண்ணே. மழையை நானா வரவழைத்தேன்? 14 பேருக்கு முழுக்கூலி என்றால் ஒரு மழைக்கே பன்னிரண்டாயிரம் கிட்ட போய்விடும். லேபர் ரேட்டில் நமக்கு நிற்பதே அவ்வளவுதான். எங்கள் பக்கம் காலை டீக்கு முன்னால் மழை வந்தால் ஒன்றும் கிடையாது, சாப்பாட்டுக்கு முன்னால் வந்தால் அரை நாள், சாப்பிட்ட பிறகு வந்தால் முழு நாள். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் சண்டை போடுவதில்லை.

சம்பளப் பட்டியல்

சண்டை போடாததற்குக் காரணம் அடுத்த வாரமும் உங்களிடமே வரவேண்டும் என்பதுதான், சட்டம் உங்கள் பக்கம் என்பதால் இல்லை. தொழிலாளர் துறையில் ஒருவர் மனுக் கொடுத்தால் உங்கள் நோட்டில் இருக்கும் 'அரை' உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வேலைக்கே கூப்பிடாத நாள் வேறு கணக்கு. லே ஆஃப் என்று வேலையில்லாத நாளுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று 1947 தொழில் தகராறு சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் அது 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றுக்கானது. அங்கேயும் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான். 14 பேர் சைட்டில் தினக்கூலிக்கு வருபவர்களுக்கு அது பொருந்தாது. ஆக, முந்தின நாளே "நாளைக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டால் சட்டப்படி அந்த நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பணம் மிச்சமாகிற இடம் முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குள் எடுக்கிற முடிவுதான். பகல் பதினொரு மணிக்கு எடுக்கிற முடிவில் ஒன்றும் மிச்சமில்லை.

வந்து, மழை பார்த்து, ஒரு வேலையும் தொடங்காமல் திரும்பியவர்? சட்ட வாசகம் 'வேலை செய்தவர்' பற்றித்தான் பேசுகிறது. நான் என் ஆட்களுக்குச் சொல்வது: கூப்பிட்டு வந்தவருக்குப் பஸ் காசும் அரைக்கூலியுமாவது கொடுங்கள்.

இன்னும் ரெண்டு விஷயம். ஏழு மணி வரை வேலை வாங்கினால் வழக்கமான நேரத்துக்கு மேல் போன ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி. மழையில் போன நேரத்தைக் கழித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அந்த நாள் ஏற்கெனவே முழு நாளாகிவிட்டது. ஞாயிறு வேலை வைத்தால் பதிலுக்கு ஒரு ஓய்வு நாள் கொடுக்க வேண்டும். நாளைக்குக் கனமழை என்று தெரிந்தால் நாளையையே வார ஓய்வாக மாற்றி ஞாயிறு வேலை வைக்கலாம். அதை இன்றைக்கே சொல்லி எழுதி வையுங்கள். மழை பெய்து முடித்த பிறகு "நேற்று லீவு" என்று நோட்டைத் திருத்தக்கூடாது. மாதச் சம்பளக்காரர் ரெண்டு பேருக்கும் மழைக்காகப் பிடித்தம் வேண்டாம்.

விழுப்புரத்து மேஸ்திரி

நான் அந்தப் பக்கத்து ஆள். சென்னைக்கு ஆள் கூட்டி வருகிறேன். ஒரு விஷயம் காண்ட்ராக்டர்களுக்குப் புரியாது. எங்கள் ஆட்கள் காலையில் வானம் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். ரூம் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, சோறு ஓட்டலில். வேலை இல்லாத நாளும் செலவு உள்ள நாள்தான். ரெண்டு நாள் தொடர்ந்து வேலை இல்லை என்று தெரிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள், அங்கே இந்த மாதம் நடவு, களை என்று ஏதாவது கிடைக்கும். போனவர்களைத் திரும்ப வரவழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பொங்கல் முடிந்த பிறகுதான் வருவார்கள், அதுவும் யார் மழையில் கைவிடவில்லையோ அவரிடம்.

ஒடிசாப் பசங்களுக்கு அதுவும் கிடையாது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை இல்லாத நாளிலும் அரிசி, பருப்பு, கேஸுக்காவது கொடுத்துவிடுங்கள் சார். கொட்டகைத் தரையைக் கொஞ்சம் மேடாக்கி, கரண்ட் ஒயரைத் தண்ணீர் படாமல் மேலே தூக்கிக் கட்டுங்கள். கூலியைவிட முதலில் அது.

ஊரப்பாக்கம் பில்டர்

மேஸ்திரி அண்ணே, கொட்டகையை இன்றைக்கே பார்த்துவிடுகிறேன். சம்பளப் பட்டியல் சார், வியாழக்கிழமைக்கு மீதிப் பாதியை இந்தச் சனி சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம். வேலை இல்லாத நாளுக்கு ஆளுக்கு 300, 400 அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் பிடித்துக்கொள்ளலாமா?

சம்பளப் பட்டியல்

கொடுக்கலாம், பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த வாரக் கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது. கொடுத்த அன்றே அட்வான்ஸ் என்று நோட்டில் தனிக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மழை நாள் முழுக்கூலியின் பாதியை அட்வான்ஸ் என்று எழுதி அப்புறம் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். நிறைய நோட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

பழைய சைட் எஞ்சினியர்

எல்லோரும் கூலியைப் பற்றியே பேசுகிறீர்கள். பதினொரு மணிக்கு மழை வந்தால் மூன்று மணி வரை 14 பேரும் ஏன் சும்மா நிற்கிறார்கள்? முழுக்கூலி கொடுக்கத்தான் போகிறீர்கள், அந்த நேரத்துக்கு வேலை வைத்திருக்க வேண்டாமா?

முதல் தளம் போட்டாச்சு என்றால் கீழே ஒரு கூரை கிடைத்துவிட்டது. சென்டரிங் (தளம் போடும்போது தாங்குகிற பலகை) பிரித்து முட்டு எடுத்த அறைகளில் உள்பூச்சை இப்போதே முடித்துவிடாதீர்கள், மழை நாளுக்கென்று ரெண்டு அறையை ஒதுக்கி வையுங்கள். எலக்ட்ரிக் பைப்புக்குச் சுவரில் காடி வெட்டுவது, சென்டரிங் பலகையில் ஆணி பிடுங்கி, ஒட்டிய கலவையைச் சுரண்டி எண்ணெய் தடவுவது, ஜல்லி, மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, சிமென்ட் மூட்டையைத் தரையிலிருந்து பலகை மேல் தூக்கி அடுக்குவது எல்லாம் அந்த நேரத்து வேலை. கம்பி ஆட்களுக்கு ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டால் ரிங் (தூண், உத்திரக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையம்) வளைக்கிற வேலை நாள் முழுக்க ஓடும். அடுத்த தளத்துக்கான ரிங் எல்லாம் இப்போதே கட்டுக்கட்டாகத் தயாராகிவிடும். எண்ணெய் பூசியதுபோல் ஈரமாக இருக்கும் சாரத்தில் மட்டும் யாரையும் ஏற்றாதீர்கள், மழை விட்டாலும் சரி. புதிதாகத் தோண்டிய குழி இருந்தால் அதற்குள்ளும் இறக்காதீர்கள். ஊறிய மண் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

முடிவு எடுக்கிற நேரம்: சென்னை வானிலை மையம் மாவட்ட வாரியாக ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிறது. சாயந்திரம் அதைப் பாருங்கள். சிவப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆரஞ்சு என்றால் உள்வேலைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரை மட்டும் கூப்பிடுங்கள். அதிலும் ஒரே ஆளையே தினமும் கூப்பிடாமல் மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வேறு சண்டை வரும்.

வீட்டுக்காரர் விஷயம்: அடுத்த ஒப்பந்தத்தில் மழை நாளுக்குக் கெடு நீட்டிப்பு என்று ஒரு வரி போடுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்திலேயே வழக்கத்துக்கு மீறிய மோசமான வானிலைக்குக் கெடு நீட்டிப்பு உண்டு. கெடுதான் நீளும், பணம் வராது. மழைக்காலக் கூலியை ரேட் பேசும்போதே சேர்த்துப் பேசுவது உங்கள் சாமர்த்தியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்று தெரிந்துதானே ஆடியில் ரேட் பேசினோம்!

தூத்துக்குடிக்காரன்

எங்கள் ஊர் உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலையே இருக்காது. அதற்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. கட்டட வேலைக்கும் நல வாரியம் இருக்கிறதே, அதில் ஏதும் கிடைக்காதா?

சம்பளப் பட்டியல்

கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் செஸ் என்கிற தனி வரியாகப் போகிறது, அதுதான் வாரியத்துக்கான பணம். மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. டெல்லியில் 2024 கடைசியில் காற்று மாசுக்காகக் கட்டட வேலையை நிறுத்தியபோது, உச்ச நீதிமன்றம் சொல்லி அந்த செஸ் பணத்திலிருந்து தொழிலாளருக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். எப்படியும் வாரியத்தில் பதிவு இருப்பவருக்குத்தான் எதுவும் கிடைக்கும். உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு அட்டை இருக்கிறது, புதுப்பித்திருக்கிறார்களா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மழை நாள் அதற்கு நல்ல நாள்.

ஊரப்பாக்கம் பில்டர்

எல்லோருக்கும் நன்றி. ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் போட இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று ராத்திரி ஏழு மணிக்குள் இந்தக் குழுவில் வரும். வரச் சொல்லி வந்து வேலை தொடங்கினால் முழுக்கூலி. மழை வந்தால் உள்ளே கொடுக்கிற வேலையைச் செய்ய வேண்டும். வேலை தொடங்கும் முன்பே மழை வந்து நின்றால் அரைக்கூலியும் பஸ் காசும். மழை விட்டால் போன நேரத்துக்காக ஏழு மணி வரை வேலை செய்ய வேண்டும். வேலை இல்லாத நாளில் செலவுக்குத் தேவைப்பட்டால் 300 அட்வான்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்."

சம்பளப் பட்டியல்

'மழை விட்டால்' என்று தொடங்கும் வரியை எடுத்துவிடுங்கள். 'ஆறு மணிக்கு மேல் வேலை செய்ய விருப்பப்பட்டால் மணிக்கு இரட்டிப்புக் கூலி' என்று மாற்றுங்கள். மற்றதெல்லாம் சரி.

விழுப்புரத்து மேஸ்திரி

ஏழு மணி என்பதை ஆறரை ஆக்குங்கள் சார். ஊருக்குப் போகிறவன் ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒடிசாப் பசங்களுக்குத் தமிழ் படிக்க வராது, அவர்களுக்குக் குரலில் பேசி அனுப்புங்கள்.

ஊரப்பாக்கம் பில்டர்

ரெண்டையும் மாற்றிவிட்டேன். சூப்பர்வைசருக்கு ஹிந்தி வரும், அவரைப் பேசச் சொல்லியிருக்கிறேன். இன்று சாயந்திரம் போடுகிறேன்.