1822 டப்ளின் கோட்டை: கைதி மனு யார் மேசைக்குப் போகும்?

கேள்வி: அயர்லாந்தில் 1820களில் ஒரு கைதி தண்டனைக் குறைப்பு கேட்டால், கடிதம் எந்த வழியாகப் போகும்? எதில் தேடுவது?

பதில் 1: மனு லெப்டினன்ட் பிரபுவின் (அயர்லாந்தில் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதி) பெயருக்கு எழுதப்படும், கையாள்வது அன்றைய ஆட்சித் தலைமையகமான டப்ளின் கோட்டையில் இருந்த தலைமைச் செயலர் அலுவலகம். 1812 முதல் 1831 வரை அங்கே துணைச் செயலர் வில்லியம் கிரிகரி. பெரிய குற்றமென்றால் விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்பார்கள். முடிவைத் தாளின் மடிப்பிலோ பின்புறத்திலோ இரண்டே வரியில் கிறுக்கியிருப்பார்கள். முன்பக்கத்தை மட்டும் படமெடுத்தால் முக்கியமானதே போச்சு!

பதில் 2: டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த அலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் தொகுப்பான 'பதிவுத் தாள்கள்' 1818இலிருந்து தொடங்குகின்றன. கைதி மனுக்கள் தனி வரிசை, 1836 வரை. ரெண்டையும் பாருங்க. 1922இல் டப்ளின் பொது ஆவண அலுவலகம் எரிந்த தீயில் இவை தப்பின, கோட்டையில் இருந்ததால். பெயரின் எழுத்து மாறும். மாவட்டம், குற்றம் வைத்தும் தேடுங்க. பிற்காலத்தில் பழைய தாளைப் புதுக் கடிதத்தோடு கட்டி, புது எண்ணில் வைத்துவிடுவார்கள். பழைய எண்ணில் ஒன்றும் இல்லையென்றால் அது காரணமாக இருக்கலாம்.

பதில் 3: போலீஸ் கடிதங்களையும் விடாதீங்க. அப்போதைய தலைமைச் செயலர் ராபர்ட் பீல் 1814இல் அமைத்த போலீஸ் படையான அமைதிப் படை, கலவரப் பகுதி என்று அறிவித்த இடத்துக்கு மட்டும்தான் போகும். முதலில் செலவு முழுக்க அந்தப் பகுதி மக்கள் தலையில். அதனால் செலவுப் புகார்கள் ஏராளம். 1822 சட்டம்தான் நாடெங்கும் காவல்படை கொண்டுவந்தது; தலைமைக் காவலர் நியமனம் லெப்டினன்ட் பிரபு கையில், கீழ்க் காவலர்கள் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் கையில். சிபாரிசுக் கடிதங்கள் குவிந்தது இதனால்தான்.