ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: முன் ட்ரன்னியனுக்கு க்ரீஸா, ஆயிலா?

காட்பாடி_மார்க்3:
என் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரின் முன் சஸ்பென்ஷன் பிரித்துக் கிடக்கிறது. கீழ் ட்ரன்னியனுக்குள் (ஸ்டியரிங் திருப்பும்போது லிங்க்கின் மரை சுழலும் உலோகக் கூடு) பழைய க்ரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கு. வெர்டிகல் லிங்க் (சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டு) மரையின் மேல் பக்கம் லேசான துரு. எம்ரி தேய்த்துப் புது க்ரீஸ் அடித்தால் போதும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ட்ரன்னியன் ஒரு ஜோடி கிடைக்குது, சேருமா?

ஆற்காடு_கராஜ்:
மாட்டாதீங்க சார். அந்த இடத்துக்கு ஆயில்தான், இபி 90 கியர் ஆயில். ட்ரன்னியன் வெண்கலம் என்பதால், அதை அரிக்காத ஜிஎல்-4 தர ஆயில் வாங்குங்க. க்ரீஸ் மரை வழியாக மேலே ஏறாது, அடியிலேயே இறுகிடும். மேல் பக்கம் வறண்டு, மழைத் தண்ணீர் இறங்கித் துரு குழி விழும். விரிசல் அந்தக் குழியில்தான் ஆரம்பிக்கும். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிடும்.

மரையைப் பெட்ரோலில் கழுவி, நகத்தால் இழுத்துப் பாருங்க. நகம் குழியில் மாட்டினால் லிங்க்கைத் தூக்கிப் போடுங்க. எம்ரி போட்டால் துருதான் போகும், குழி போகாது. வெல்டிங் வைப்பது இன்னும் ஆபத்து. நகம் மாட்டவில்லை என்றாலும் டை பெனட்ரன்ட் சோதனை (சாயம் பூசி விரிசலைக் கண்டுபிடிப்பது) செய்யுங்க. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வெல்டிங் சோதிப்பவர்களைக் கேட்டால் செய்வாங்க.

வாலாஜா_ஹெரால்டு:
ஸ்பிட்ஃபயரின் முன் சஸ்பென்ஷனே ஹெரால்டிலிருந்து வந்ததுதான், அதனால் முயற்சி செய்யலாம். ஆனா மாடலுக்கு மாடல் மாற்றம் உண்டு. வாங்குவதற்கு முன் உங்க லிங்க்கை எடுத்துட்டுப் போய், ஆயில் இல்லாமல் கையாலேயே கடைசி வரை திருகிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் தேய்ந்த மரை, வேண்டாம். இடது, வலது மரை எதிரெதிர். ஒரே பக்கத்து ட்ரன்னியன் இரண்டை ஜோடி என்று தலையில் கட்டிடுவாங்க.

காட்பாடி_மார்க்3:
நன்றி. ஆயில் எப்படி ஏற்றுவது?

ஆற்காடு_கராஜ்:
முதலில் ட்ரன்னியனை லிங்க் மரையில் கடைசி வரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்னால் திருப்பி நேர் பண்ணுங்க. அடியில் முட்டிக்கொண்டிருந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது இடிக்கும். மாட்டியதும் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குங்க. ட்ரன்னியன் ப்ளக்கைக் கழற்றி நிப்பிள் (கன் மாட்டும் முனை) போட்டு, க்ரீஸே படாத தனி பம்ப் கன்னில் ஆயில் நிரப்பி, மேல் ரப்பர் சீல் ஓரம் ஆயில் கசியும் வரை அடியுங்க. ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி இன்னொரு தடவை. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இதைச் செய்யணும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை. அடியில் லேசாகக் கசிந்தால் பரவாயில்லை. ராத்திரியில் தரையில் குட்டை கட்டினால் ட்ரன்னியனின் அடி மூடி விட்டிருக்கு, மாற்றிடுங்க.